பாக்கியமேரி அக்காவுக்கு நாலு உத்திரம்

தனிஸ்லாஸ் எப்படிப்பட்ட ஆளுன்னு யாராவது கேட்டா நான் ஒண்ணுதான் சொல்லுவேன். கத்திரிக்கா வாங்கப் போனாக்கூட ஒவ்வொண்ணா எடுத்து வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாப்பான். கடைசியில கடைக்காரரு மூஞ்சியப் பாத்துப் பாவப்பட்டு, அவரு அள்ளிப் போடுறத வாங்கிட்டு வந்துருவான். அம்புட்டு கவனம், அம்புட்டு இளகுன மனசு. ரெண்டும் ஒரே ஆளுகிட்ட இருந்தா அவன் என்ன ஆவான்? மிஷன் பள்ளிக்கூடத்துல கிளார்க் ஆவான். அதான் ஆயிருக்கான்.

நான் பாண்டியராஜன். காளவாசல்ல லோடு வண்டி ஓட்டுறேன், சொந்த வண்டி. ஊரு செக்கானூரணிப் பக்கம். அண்ணன் தம்பிக இன்னமும் வெள்ளாமை பாக்குறாங்க, எனக்குத்தான் மண்ணு ஒத்து வரல. தனிஸ்லாஸும் நானும் ஒரே மிஷன் பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சவங்க. எனக்குக் கோவம் மூக்கு மேல நிக்கும். அவனுக்குக் கோவம் வந்து நான் பாத்ததே இல்ல. அதனாலதான் ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டீங்கன்னு என் வீட்டுக்காரி சொல்லுவா.

தனிஸ்லாஸோட அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில ஆயா வேலை. பகல் டூட்டி, ராத்திரி டூட்டின்னு மாறி மாறி வரும். அதனால அவனக் குளிப்பாட்டி, தலை சீவி, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துட்டு வந்து விட்டது எல்லாம் அவங்கக்கா பாக்கியமேரிதான். எட்டு வயசு மூப்பு. பள்ளிக்கூட வாசல்ல நின்னு அவன் மூக்கைத் தன் தாவணியால துடைச்சு விட்டுட்டு, கூடவே என் மூக்கையும் ஒரு இழுப்பு இழுத்துத் துடைச்சு விடும். 'ரெண்டும் ஒழுகுதுக பாரு'ன்னு சொல்லிட்டுப் போகும்.

அந்த அக்கா காலேஜ் முடிச்ச கையோட மடத்துல சேந்துருச்சு. கன்னியாஸ்திரி ஆகப்போற பொண்ண கல்யாணப் பொண்ணு மாதிரிதான் அனுப்புவாங்க. தலை நிறையப் பூ வச்சு, சாமியாரு வந்து செபம் பண்ணி, தெருவே வேன் ஏறிப் போய் விட்டுட்டு வந்துச்சு. தனிஸ்லாஸ் மட்டும் வேன்ல ஏற மாட்டேன்னுட்டான். எங்க வீட்டு மாட்டுக் கொட்டத்துல வந்து உக்காந்துக்கிட்டு இருந்தான்.

அதுக்கப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவ அக்கா லீவுல வரும். வர்றது அக்கா இல்லைங்க, சிஸ்டரு. பெத்த அம்மாவே 'வாங்க சிஸ்டர், உக்காருங்க சிஸ்டர்'னு நிக்கிறாங்க. வீட்ல இருக்குற ஒரே நல்ல நாற்காலிய இழுத்துப் போடுவாங்க. தனி தட்டு, தனி டம்ளர். எல்லாருக்கும் வைக்கிறதுக்கு மேல அதுக்கு ஒரு முட்டை. அம்புட்டும் மரியாதைதான், நான் இல்லைங்கல. ஆனா வீட்டுப் பொண்ணு விருந்தாளி ஆயிருச்சு. சாகுற வரைக்கும் மடத்துலதான்னு கடைசி வார்த்தைப்பாடு குடுக்குறப்ப, திருநகர் வீட்டுல எனக்குப் பங்கு வேணாம்னு எழுதியும் குடுத்துருச்சு. அது அவங்க முறை. அப்பா அம்மா போனதுக்கப்புறம் அந்தச் சின்ன வீடு தனிஸ்லாஸுக்குன்னு ஆச்சு.

போன தை மாசம் ஒருநாள் சாயங்காலம் வண்டிய நிப்பாட்டிட்டு டீ குடிச்சுக்கிட்டு இருக்கேன், முன்னாடி வந்து நிக்கிறான். திருநகர்லேருந்து சைக்கிள்லயே வந்துருக்கான். சட்டையெல்லாம் வேர்வை.

"மாப்ள, அக்கா மடத்த விட்டு வருது"ன்னான்.

எனக்கு டீ புரையேறிப்போச்சு. "லீவுக்கா?"

"இல்ல. மொத்தமா."

"ஏனாம்?"

"கேக்கல."

"ஏன்டா கேக்கல?"

"சொல்லணும்னு தோணுனா அதுவே சொல்லும் மாப்ள. நான் கேட்டேன்னு வையி, சொந்த வீட்டுக்கு வர்றதுக்கே காரணம் காட்டணும்னு ஆயிரும்ல."

நான் அவனுக்கும் ஒரு டீ சொன்னேன். டம்ளரக் கையில வச்சுக்கிட்டு குடிக்காமலே நின்னான். அப்புறந்தான் விசயம் வெளிய வந்துச்சு. அக்கா வீட்டுல ரெண்டு மூணு நாள்தான் தங்குமாம். அப்புறம் ஆரப்பாளையத்துல ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல போய் இருந்துக்கிருமாம். உங்களுக்குப் பாரமா இருக்க மாட்டேன்னு போன்ல சொல்லியிருக்கு.

"பாரமாம் மாப்ள, பாரம்"ன்னான். "அது ஹாஸ்டலுக்குப் போகக் கூடாது. நம்ம வீட்டுல இருக்கணும். வந்து போற ஆளா இல்ல. இருக்கணும்."

வீட்டுல இருக்குறதே ரெண்டு ரூமு. ஒண்ணுல தனிஸ்லாஸும் அவன் பொண்டாட்டி எஸ்தரும், இன்னொண்ணுல ப்ளஸ் டூ படிக்கிற மக. ஆகையினால மேல ஒரு ரூமு எடுக்கணும். பக்கத்துத் தெரு இன்ஜினியரு வந்து சுவத்தத் தட்டிப் பாத்துட்டு, பழைய சுவரு, கான்கிரீட் தளம் தாங்காதுன்னுட்டாரு. தகர ஷெட் போட்டுக்கலாமேன்னு நான் சொன்னேன். தனிஸ்லாஸ் என்னைய ஒரு பார்வை பாத்தான். சித்திரை வெயில்ல எங்கக்காவ தகரத்துக்கு அடியில வேக வைக்கச் சொல்றியாடான்னு அதுக்கு அர்த்தம். கடைசியில இன்ஜினியரே ஒரு வழி சொன்னாரு. மரத்துலயே கால் நட்டு, மேல உத்திரம் போட்டு, பக்கத்துக்குப் பலகை அடிச்சு ஓடு வேஞ்சுட்டா லேசாவும் இருக்கும், குளிர்ச்சியாவும் இருக்கும்னாரு. கப்பல்ல வர்ற பைன் மரம் போதும், ஆனா உத்திரம் நாலையும் மட்டும் பாத்து எடுங்கன்னாரு.

பாத்து எடுக்குறதுக்கு நம்ம ஆளச் சொல்லித் தரணுமா?

காளவாசல் தாண்டி பைபாஸ் ரோட்டுல ஒரு மரவாடி இருக்கு. ஒரு பக்கம் தேக்கும் வேங்கையும் அடுக்கிக் கிடக்கும். இன்னொரு பக்கம் பூராம் பைன், தூத்துக்குடியில வந்து இறங்குறது. வெளேர்னு இருக்கும். மோந்து பாத்தா பினாயிலும் சாம்பிராணியும் கலந்தாப்புல ஒரு வாசம். தச்சு வேலைக்கு முத்துக்கருப்பண்ணனக் கூட்டிட்டுப் போனோம். வாழ்நாளெல்லாம் தேக்கும் பனையும் வேம்பும் இழைச்ச மனுசன். நம்ம பக்கம் மரம் வாங்குறதுன்னா என்ன? ஒரு முனையத் தூக்கிப் பாக்கணும். கை இறங்கணும். இறங்குச்சுன்னா வைரம் பாஞ்ச மரம், லேசா வந்துட்டா விறகு. அம்புட்டுதான் சாஸ்திரம்.

பைன்லயும் ரெண்டு அடுக்கு இருந்துச்சு. ஒண்ணு வெளுப்பா, லேசா. இன்னொண்ணு லேசாப் பச்சை பூத்தாப்புல, தூக்குனா தோள்பட்டை கழண்டுரும். முத்துக்கருப்பண்ணே அந்தக் கனமான அடுக்குல ஒண்ணத் தூக்கிப் பாத்துட்டு, "இதான்யா மரம்"ன்னாரு.

அங்க பில் போடுற பொண்ணு அஸ்வினி, துறுதுறுன்னு இருக்கும். டிவி ரிமோட் கணக்கா ஒரு கருவிய எடுத்துக்கிட்டு ஓடி வந்துச்சு. அதுல ரெண்டு ஊசி நீட்டிக்கிட்டு இருக்கும், மரத்துல குத்துனா ஈரம் எம்புட்டு இருக்குன்னு காட்டுமாம்.

"சார், அது கரையான் மருந்துத் தொட்டியிலேருந்து இப்பத்தான் வந்துச்சு. கனம் மரத்தோடது இல்ல சார், உள்ள இருக்குற தண்ணி. உத்திரத்துக்கு அந்தக் காஞ்ச அடுக்குல எடுங்க"ன்னுச்சு.

தனிஸ்லாஸ் காஞ்சதுல ஒண்ணத் தூக்கிப் பாத்தான். முருங்கைக் கட்டை மாதிரி வந்துருச்சு. அத அப்படியே கீழ வச்சுட்டு, "இல்லம்மா. இதுக்குக் கீழ படுக்கப்போறது எங்கக்கா"ன்னு கெஞ்சுற மாதிரி சொன்னான். அந்தப் பொண்ணும் பில்லப் போட்டுருச்சு. ஒவ்வொண்ணா எல்லாத்தையும் தூக்கிப் பாத்து, இருக்குறதுலயே கனமான நாலா எடுத்தான். வண்டியில ஏத்துனதும் பின்பக்கம் பொசுக்குன்னு உக்காந்துருச்சு. மரம் ஏத்துறியா, குளத்த ஏத்துறியாடான்னு நான் கத்துனேன். அவன் மூஞ்சியில அம்புட்டு சந்தோஷம். கோயில் தேர் பின்னாடி வர்ற மாதிரி சைக்கிள்ல வண்டிக்குப் பின்னாலயே வந்தான்.

கால் நட்டு முடிச்சு, உத்திரம் நாலையும் மேல ஏத்தி வச்சப்ப குருத்தோலை ஞாயிறு போயி புனித வாரம் ஆரம்பிச்சுருச்சு. அடுத்த வேலை என்னன்னா, உத்திரத்த கால்களோட சேத்து முடுக்கி, குறுக்கால சட்டம் வச்சு ஆணி அடிச்சுக் கட்டுப்பட வைக்கணும். முத்துக்கருப்பண்ணே சுத்தியலோட ஏறப்போனாரு. தனிஸ்லாஸ் ஏணியப் பிடிச்சுக்கிட்டான்.

"வேணாம்ணே. ஈஸ்டர் முடியட்டும்."

"ஏன்யா, ரெண்டு நாள் வேலைதான?"

"ஆண்டவர ஆணியில அறைஞ்ச வாரம்ணே இது. இந்த வாரத்துல எங்க வீட்டுல ஆணி அடிக்கிற சத்தம் கேக்க வேணாம். எங்கம்மா இருந்த வரைக்கும் பெரிய வெள்ளி அன்னிக்கு காலண்டர் மாட்டக்கூட ஆணி அடிச்சதில்ல."

முத்துக்கருப்பண்ணே சாமி விசயத்துல குறுக்க பேச மாட்டாரு. அவங்க கோயிலுக்குக் காப்புக் கட்டிட்டா அவரும் உளியத் தொட மாட்டாரு. சரிய்யான்னு இறங்கிட்டாரு. ஆக, தண்ணி குடிச்ச நாலு உத்திரமும் கட்டுப்பாடு இல்லாம சும்மா மேல கிடக்குது. அடிக்கிறது மதுரை வெயிலு.

ஈஸ்டருக்கு மறுநாள் ஏறிப் பாத்தா, ஆத்தாடி! ஈரத் துண்டப் பிழிஞ்சு காயப் போட்ட மாதிரி ஒண்ணு முறுக்கிக்கிட்டு நிக்குது. ஒண்ணு வில்லு மாதிரி பக்கவாட்டுல வளைஞ்சு போச்சு. ஒண்ணுல விரல் நுழையுற மாதிரி வெடிப்பு. நாலாவதப் பத்தி நான் சொல்லல, விடுங்க. தனிஸ்லாஸ் அதுக்கு அடியில போய் தரையில உக்காந்துட்டான். மேல இன்னமும் படக்கு படக்குன்னு சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு.

"அந்தப் பொண்ணு சொல்லுச்சுல்ல மாப்ள"ன்னான்.

"சொல்லுச்சு. நீ கேட்டியா?"

"உறுதியா இருக்கணும்னுதான..."

எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. ஆனா அவன் உக்காந்திருந்த தோரணையப் பாத்ததும் அப்படியே அடங்கிருச்சு. அடுத்து என்ன செய்யலாம்னு பேசிக்கிட்டு இருக்குறப்பவே போன் அடிக்குது. அக்கா. மே மாசக் கடைசியிலதான் வர்றதா இருந்துச்சு. மடத்த விட்டு விலகுறதுக்கு ரோமிலேருந்து வர வேண்டிய அனுமதி சீக்கிரமே வந்துருச்சாம். புதன்கிழமையே வருதாம்.

பள்ளிக்கூடத்துல பரீட்சை வேலை, லீவு எடுக்க முடியாதுன்னு என்னையத்தான் ஆரப்பாளையத்துக்கு அனுப்புனான். தேனி பஸ்ல வந்து இறங்குச்சு. எப்பவும் வெள்ளைச் சேலையும் முக்காடுமா பாத்த ஆளு, இப்ப ஊதாப் பூப்போட்ட சேலையில நிக்குது. முடி பாதிக்கு மேல வெளுத்துருச்சு. கை அடிக்கொரு தரம் தலைக்குப் போகுது, முக்காடு இருந்த இடத்தத் தேடிக்கிட்டு. கையில ஒரே ஒரு பை. முப்பது வருஷத்துக்கு மேல இருந்த ஆளு கொண்டு வந்தது அம்புட்டுதான்.

'வாங்க சிஸ்டர்'னு வாய் வரைக்கும் வந்தத முழுங்கிட்டு, "வாக்கா"ன்னேன்.

அது சிரிச்சுச்சு. "பாண்டி, முதல்ல அந்த ஹாஸ்டல் எங்க இருக்குன்னு காட்டிருப்பா. பக்கந்தான்னாங்க. பாத்துட்டே போயிருவோம்."

"ஹாஸ்டலும் கிடையாது, கீஸ்டலும் கிடையாது. ஏறுக்கா வண்டியில!"

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பாக்குற மாதிரி கத்திட்டேன். பாவம், ஏறி உக்காந்துச்சு. பைபாஸ் சிக்னல்ல நிக்கிறப்ப அதுவாப் பேசுச்சு.

"நான் அங்க சந்தோஷமாத்தான் இருந்தேன் பாண்டி. ரொம்ப வருஷம் நல்லா இருந்தேன். அப்புறம் சந்தோஷமா இல்ல. யாரும் என்னைய ஒண்ணும் பண்ணல. அம்புட்டுதான். இத இன்னும் எத்தன பேருக்குச் சொல்லணுமோ தெரியல."

"யாருக்கும் சொல்ல வேணாம்க்கா. எவனாவது கேட்டா எனக்கு போன் போடு"ன்னேன்.

வீட்டு முன்னாடி இறங்குனதும் அண்ணாந்து பாத்துச்சு. முறுக்கிக்கிட்டு நிக்கிற உத்திரத்த மூடி வைக்கவும் முடியல. தனிஸ்லாஸ் பள்ளிக்கூடத்துலேருந்து ஓட்டமும் நடையுமா வந்து சேந்தான். "உனக்கு ரூமுக்கா. இன்னும் முடியல"ன்னான், தப்புப் பண்ணுன பையன் கணக்கா.

அக்கா முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. "எனக்காக எதுக்கு தம்பி இதெல்லாம்? ரெண்டு நாள்ல போகப்போறேன். நிப்பாட்டிருங்க. சிரமப்படாதீங்க"ன்னுச்சு. சொந்தத் தம்பிய 'படாதீங்க'ன்னு சொல்லுது பாருங்க.

மறுநா காலையில எஸ்தரு எனக்கு போன் போட்டு அழுகுது. எஸ்தரு சும்மா அழுகுற பொண்ணு இல்ல, சந்தையில பேரம் பேசுனா வியாபாரிதான் அழுவான்.

"அண்ணே, இங்க இருக்க முடியல. விடியுறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு பாய மடக்கிச் சுவத்தோரம் வச்சுட்டு, ஒரு ஓரமா உக்காந்துருக்காங்க. காப்பியா டீயான்னு கேட்டா எதுன்னாலும் சரிங்கிறாங்க. இட்லியா தோசையா, எதுன்னாலும் சரி. சாப்புட்ட தட்ட என்னையத் தொட விடல. இப்ப, வேர்த்து ஊத்துது, என்கிட்ட வந்து ஃபேன் போட்டுக்கிறலாமான்னு கேக்குறாங்கண்ணே. அவங்க பொறந்த வீட்டுல, ஃபேன் போட என்கிட்ட பர்மிஷன்! நான் என்ன சொல்லட்டும்?"

மடத்துல எல்லாத்துக்கும் அனுமதி கேட்டுக் கேட்டுப் பழகுன உடம்பு அது, ஒரே நாள்ல மாறிருமா? ஆனா தனிஸ்லாஸ் இதையெல்லாம் பாத்துட்டு ரெண்டு நாளா சோறு சரியாத் திங்கல. ரூமு இல்லாததுனாலதான் அக்கா ஒட்டாம நிக்குதுன்னு நினைச்சுக்கிட்டான். நான் வாங்குன மரம் வளைஞ்சதுனால அக்கா போகப்போகுது மாப்ளன்னு திருப்பித் திருப்பிச் சொன்னான்.

முத்துக்கருப்பண்ணே வந்து, வளைஞ்சத இறக்கி குட்டை குட்டையா அறுத்துட்டா பக்கச் சுவத்துச் சட்டத்துக்கு ஆகும், முறுக்குத் தெரியாதுன்னாரு. உத்திரத்துக்கு மட்டும் புதுசா நாலு எடுக்கணும். சனிக்கிழமை மறுபடி மரவாடிக்குக் கிளம்புனோம். அப்பத்தான் எஸ்தரு ஒரு நல்ல காரியம் பண்ணுச்சு. அக்காவயும் கூட்டிட்டுப் போங்கண்ணேன்னு அது கையப் பிடிச்சு வண்டியில ஏத்தி விட்டுருச்சு. முத்துக்கருப்பண்ணே பின்னால ஏறிக்கிட்டாரு, முன் சீட்டுல நானும் அக்காவும் தனிஸ்லாஸும் நெருக்கி உக்காந்துக்கிட்டோம். அக்கா தன் பையையும் எடுத்து மடியில வச்சுக்கிருச்சு. திரும்பி வர்றப்ப ஆரப்பாளையத்துல இறக்கி விட்டுருங்கன்னுச்சு. தனிஸ்லாஸ் ரோட்டையே பாத்துக்கிட்டு வந்தான்.

அஸ்வினி எங்களப் பாத்ததும் கேலியாச் சிரிக்கல, நல்ல பொண்ணு. "எனக்கும் இந்த மரம் புதுசுதான் சார், திட்டு வாங்கி வாங்கித்தான் கத்துக்கிட்டேன்"ன்னுச்சு. காஞ்ச அடுக்குக்குக் கூட்டிட்டுப் போய் ஊசிக் கருவியக் குத்திக் காட்டுச்சு. அப்புறம் எப்படிப் பாக்கணும்னு சொல்லுச்சு. ஒரு முனையில குனிஞ்சு ஒத்தக் கண்ணால நீளவாக்குல பாருங்க, முறுக்கு இருந்தா தெரிஞ்சுரும். வெட்டு முகத்துல மரத்தோட நடுப்புள்ளி தெரிஞ்சா எடுக்காதீங்க, அதுதான் முறுக்கும். லேசா வளைவு இருந்தா பரவால்ல, வளைவு மேல பாத்து நிக்கணும். கிளை விட்ட இடத்துல வட்டமா கணு இருக்கும், பெரிய கணு கீழ் விளிம்புல வந்தா வேணாம், பாரம் ஏறுனா அங்கதான் விடும்.

தனிஸ்லாஸ் எல்லாத்தையும் கேட்டுட்டு, அக்கா பக்கம் திரும்புனான். "நீ எடுக்கா."

"நானா? நீங்களே பாத்து எடுங்க தம்பி. எதுன்னாலும் சரி."

"இல்லக்கா. உனக்கு. உனக்கு எது வேணுமோ அத எடு."

அக்கா அடுக்கு மேல கைய வச்சுச்சு. அப்புறம் மெதுவா, "எனக்குன்னு ஒரு பொருள நானாப் பாத்து எடுத்து எத்தன வருஷமாச்சு தெரியுமா? குளிக்கிற சோப்பு கூட குடுக்குறதுதான். எப்படி எடுக்கணும்னே மறந்துபோச்சு தம்பி"ன்னுச்சு.

"மெதுவாப் பாருக்கா. அவசரமே இல்ல."

பையக் கொண்டு போய் வண்டி சீட்டுல வச்சுட்டு வந்து, சேலைத் தலைப்ப இடுப்புல சொருகிக்கிட்டு முதல் மரத்துக்கிட்ட குனிஞ்சுச்சு. "இது சரியா இருக்கோ?"ன்னு அஸ்வினியக் கேட்டுச்சு. ரெண்டாவதுல யாரையும் கேக்கல, தானே தலைய ஆட்டிருச்சு. மூணாவது வேணாம்னு தள்ளுச்சு. அதுக்கப்புறம் பாக்கணுமே! தேனிப் பக்கம் மலையில இருக்குற பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சரா இருந்த ஆளு. பரீட்சைப் பேப்பர் திருத்துற மாதிரி ஆயிருச்சு. இது முறுக்கு. இது நடுப்புள்ளி. இத எதுக்கு உருவுனீங்க, இப்பத்தான பாத்துத் தள்ளுனேன் இத? லோடு ஆளுக ரெண்டு பேரும் அடுக்க உருவி உருவி வேர்த்துப்போயிட்டாங்க. முத்துக்கருப்பண்ணே பீடியப் பத்த வச்சுக்கிட்டு வேடிக்கை பாக்குறாரு. மூணு உத்திரம் எடுத்தாச்சு, நாலாவதுக்கு அந்த அடுக்கையே புரட்டிக்கிட்டு இருக்கு.

லோடு ஆளுக மூஞ்சியப் பாத்து தனிஸ்லாஸுக்குப் பாவமாப் போச்சு. பாவப்படாம இருந்தா அவன் தனிஸ்லாஸ் இல்லையே.

"போதும்க்கா, இதையே எடுத்துக்குவோம். நல்லாத்தான இருக்கு?"

"போதாது. கணு கீழ் விளிம்புல இருக்கு. கண்ணு தெரியலையா உனக்கு?"

"ஒரு கணுதானக்கா? அப்படியே திருப்பி வச்சுட்டா மேல போயிரும்."

"திருப்புனா வளைவு கீழ வரும். அந்தப் பொண்ணு இம்புட்டு நேரம் தொண்டத் தண்ணி வத்தச் சொன்னத நீ கேட்டியா இல்லையா? போன தடவயும் கேக்காமத்தான அப்படி வாங்கிட்டு வந்த?"

"அந்த ஆளுக பாவம்க்கா..."

"அவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். உனக்கு என்னடா அவசரம்? தினமும் அதப் பாத்துக்கிட்டுப் படுக்கப்போறது நீயா நானா? கிழவியாகி நான் சாகுற வரைக்கும் என் தலைக்கு மேல நிக்கப்போறதுடா அது! நான் பாத்துத்தான் எடுப்பேன். நீ வாய மூடிக்கிட்டுச் சும்மா இரு!"

மரவாடி பூராம் கேக்குற மாதிரி கத்திருச்சு. தனிஸ்லாஸ் பக்கத்துல கிடந்த ஒரு கட்டையில தொப்புன்னு உக்காந்து, ரெண்டு கையாலயும் மூஞ்சிய மூடிக்கிட்டான். தோள்பட்டை குலுங்குது.

அஸ்வினி பயந்துபோய் என் பக்கம் வந்துச்சு. "என்னண்ணே, சார் அழுகுறாரு? அந்த அக்கா திட்டுனதுக்கா?"

"ஆமாம்மா, திட்டுனதுக்குத்தான். இப்படித் திட்டு வாங்கணும்னு சின்னப்புள்ளையிலேருந்து ஏங்கிக் கிடந்த பய"ன்னேன். என் கண்ணும் ஒழுங்கா இல்ல.

தான் என்ன சொன்னோம்ங்கிறது அக்காவுக்கு அப்பத்தான் உறைச்சுச்சு. உதட்டக் கடிச்சுக்கிட்டு தம்பியவே பாத்துச்சு. கண்ணுல தண்ணி முட்டி நிக்குது, ஆனா கை மரத்த விடல.

"எந்திரி. அழுகுறத வீட்டுல வந்து அழுதுக்கலாம். அந்த முனையப் பிடி, நேரா இருக்கான்னு பாக்கணும்."

அவன் கண்ணக்கூடத் தொடைக்காம எந்திரிச்சுப் போய் முனையத் தூக்கிப் பிடிச்சான். அக்கா இந்த முனையில குனிஞ்சு, ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு, நின்னு நிதானமாப் பாத்துச்சு.

"வேணாம். அடுத்தத எடு"ன்னுச்சு.